மொச்சை, அவரைக் கொடியை நெற்றாகக் காயவிட்டுப் பயறு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சைக்காய்க்காகப் பந்தலில் அவரை ஏற்றுவது பலருக்கும் பழக்கம். அதே கொடியில் காயை நெற்றாக விட்டு, பயறாக உடைத்து, ஆண்டு முழுவதும் குழம்புக்கு வைத்துக்கொள்வதில்தான் சந்தேகங்கள் வருகின்றன. பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். இங்குள்ள பதில்கள் வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களுக்கானவை. மலைப்பகுதிகளில் மாதக் கணக்கு மாறும்.

அவரை, மொச்சை ரெண்டும் ஒண்ணுதானா, வேற வேறயா?

தாவரக் கணக்கில் இரண்டும் ஒரே இனம். புழக்கத்தில் வேறு. தோலோடு பொரியலுக்கு ஆவது அவரை. அதன் தோல் சதைப்பற்றாக, நார் குறைவாக இருக்கும். மொச்சையின் தோல் நார் நிறைந்தது, ஒரு காட்டு வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. உள்ளே இருக்கும் பருத்த பயறுக்காகத்தான் அதை வளர்க்கிறோம்.

பயறு எடுப்பதுதான் நோக்கம் என்றால் மொச்சையைப் போடுங்கள். அவரை நெற்றிலிருந்தும் பயறு கிடைக்கும், குழம்புக்கும் ஆகும். ஆனால் பல அவரை ரகங்களில் பயறு சிறுத்திருக்கும், உடைக்கிற வேலைக்குக் கட்டாது.

மளிகைக் கடையில வாங்குன காஞ்ச மொச்சையையே விதைக்கலாமா?

விதைக்கலாம், முளைக்கவும் செய்யும். சிக்கல் வேறு இடத்தில். அது கொடி ரகமா, குத்துச்செடி ரகமா, எந்த ஊர்ப் பட்டத்துக்குப் பழகியது என்று எதுவும் தெரியாது. பந்தல் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இரண்டடிச் செடியாக நின்றுவிடவும் கூடும். உங்கள் வட்டாரத்தில் பந்தலிலோ வேலியிலோ மொச்சை ஏற்றியிருப்பவரிடம் கைப்பிடி விதை வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல்.

கடைப் பயறுதான் கிடைக்கிறது என்றால், ஈரத்துணியில் 20 பயறுகளை மடித்து வைத்து ஒரு வாரம் பாருங்கள். 15-க்கு மேல் முளைத்தால் நம்பி விதைக்கலாம். இதற்கு நேர்மாறான எச்சரிக்கை ஒன்றும் உண்டு. விதைக்கடையில் இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் பூசி வரும் விதை பூஞ்சைக்கொல்லி கலந்தது. அதில் மிச்சமானதைச் சமைக்கக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது.

எந்த மாசம் விதைக்கணும்? சித்திரையில போட்டா சீக்கிரம் காய்க்காதா?

காய்க்காது. நாட்டுக் கொடி மொச்சையும் பந்தல் அவரையும் பகல் குறுகும்போதுதான் பூக்கும். சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் பூ ஏறத்தாழ ஐப்பசி, கார்த்திகையில்தான். இடைப்பட்ட மாதங்களில் கொடி பந்தலை மூடிக்கொண்டு தண்ணீரையும் எருவையும் தின்னும், அவ்வளவுதான்.

பயறுக்காக வளர்ப்பவர் நாள்காட்டியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். நெற்று காய வெயில் வேண்டும், மழை கூடாது. அந்த நாட்கள் நம் ஊரில் தை, மாசி. பூ காயாகி நெற்றாக ஒன்றரை மாதமாவது ஆகும். எனவே பூ கார்த்திகை, மார்கழியில் இருக்க வேண்டும். அதற்கு முன் கொடி படர மூன்று மாதம். கணக்கு ஆடியில் போய் நிற்கிறது. ஆடியைத் தவறவிட்டால் ஆவணி முதல் பாதி வரை போடலாம். புரட்டாசியில் போட்டால் கொடி சிறுசாக இருக்கும்போதே பூத்துவிடும். பயறு கிடைக்கும், அளவு குறையும்.

எல்லா மாசமும் காய்க்குற ரகம் இருக்குனு சொல்றாங்களே?

இருக்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்றவை பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து ரகங்கள். பந்தல் வேண்டாம், சீக்கிரம் காய்க்கும். ஆனால் இவை பச்சைக்காயைக் கணக்கில் வைத்து எடுத்த ரகங்கள். பயறுக்காக இவற்றைப் போடுவதானால் அறுவடை மழையில் விழாதபடி விதைக்கும் மாதத்தை நீங்களே முடிவு செய்ய வேண்டும். நாட்டுக் கொடியில் அந்தக் கணக்கைக் கொடியே போட்டுக்கொள்ளும்.

வீட்டுக்கு எத்தனை கொடி போதும்?

குழிக்கு இரண்டு கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகப் பறித்தால் ஐந்தாறு கிலோ காய் தரும் குழியில், காயவிட்டால் அரை கிலோ முதல் முக்கால் கிலோ பயறு எதிர்பார்க்கலாம். தோல் போய், நீரும் வற்றிவிடுகிறது, வேறு வழியில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டு முறை மொச்சைக் குழம்பு என்றால் ஒரு தடவைக்கு 150 கிராம் வீதம் ஆண்டுக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல். ஆறேழு குழி வேண்டும். இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று குழி போட்டுப் பொங்கலையொட்டி சில மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

குழி எப்படி எடுக்கணும், என்ன உரம்?

ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு அடியாகக் குழி எடுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறவிடுங்கள். குழிக்கு மூன்று விதை, ஒரு அங்குல ஆழம். தேறிய இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். விதையை இரவெல்லாம் ஊறவைப்பது வேண்டாம், தோல் உரிந்து அழுகிவிடும். இரண்டு மூன்று மணி நேரம் போதும். விதைத்த அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர், பிறகு மண் காய்வதைப் பார்த்து வாரம் ஒரு முறை.

அவரை இனம் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர் முடிச்சுகளில் உள்ள ரைசோபியம் நுண்ணுயிர் மூலம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இதுவரை அவரையோ தட்டைப்பயறோ போட்டதில்லை என்றால், ரைசோபியம் பொட்டலம் வாங்கி ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். ஒரு மாதம் கழித்து ஓரத்து வேரைக் கிளறி ஒரு முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. யூரியாவை மறந்துவிடலாம்.

மாடித் தோட்டத்துல வருமா? எந்த அளவு பை?

வரும், ஆனால் சின்னப் பை வேலைக்கு ஆகாது. ஆறேழு மாதம் நிற்க வேண்டிய கொடி. 40 லிட்டருக்குக் குறையாத பையில் இரண்டு கொடி. செம்மண், மக்கிய தேங்காய் நார்க்கழிவு, தொழுவுரம் மூன்றும் சம அளவு. நனைந்தால் ஒரு பை 40 கிலோவைத் தாண்டும். ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல் தூணும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வையுங்கள்.

மாடியில் வேர் கீழே இறங்கித் தண்ணீர் தேட முடியாது. பயறு முற்றும் நேரத்தில் நாலு நாள் தண்ணீர் தவறினால் பயறு சூம்பிவிடும். பலன், குழியில் கிடைப்பதில் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தல் கட்டாயமா? வேலியில ஏத்துனா போதாதா?

பயறுக்கு வேலிதான் ஒரு வகையில் நல்லது. படுத்த பந்தலில் காய் இலைக்கடியில் நிழலில் தொங்கும். பச்சைக்காய் பறிக்க அது வசதி, நெற்று காய்வதற்கு இடைஞ்சல். நிற்கும் வேலியில் இரண்டு பக்கமும் வெயிலும் காற்றும் படும், பனி சீக்கிரம் உலரும். எட்டடிக்கு ஒரு சவுக்குக் கம்பு நட்டு, ஆறடி உயரத்துக்கு மேலும் கீழும் கம்பி இழுத்து, நடுவில் தேங்காய்நார்க் கயிற்றை மேலும் கீழுமாகக் கட்டினால் போதும். வேலி வடக்கு தெற்காக ஓடட்டும். கம்பு இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். இலை நிறைந்த கொடியை ஐப்பசிக் காற்று தள்ளும்போதுதான் அதன் பாரம் தெரியும்.

பந்தல் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்துங்கள். கொடி மேலே தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விடும், பூங்கொத்து அந்தக் கிளைகளில்தான் வரும். கார்த்திகையில் அடர்ந்த இடத்தில் பழுத்த இலைகளை எடுத்துவிட்டு வெளிச்சம் விடுங்கள்.

கொடி காடு மாதிரி போயிருக்கு, ஒரு பூ கூட இல்லையே?

மாதம் என்ன என்று முதலில் பாருங்கள். புரட்டாசி என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பட்டம் பற்றிய பதிலில் உள்ள காரணம்தான். கார்த்திகை பிறந்தும் பூ இல்லையென்றால் இரண்டு காரணங்களைச் சந்தேகப்படலாம். ஒன்று, தழைச்சத்து மிகுதி. கோழி எரு, கடலைப் பிண்ணாக்குக் கரைசல், யூரியா இவற்றில் ஏதாவது தொடர்ந்து போயிருக்கும். உடனே நிறுத்தி, தண்ணீரையும் குறையுங்கள். கொடிக்குச் சற்று வாட்டம் கொடுத்தால் பூவுக்குத் திரும்பும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: தெருவிளக்கு. பூப்பதைத் தீர்மானிப்பது உண்மையில் தடையில்லாத இரவின் நீளம். இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் விழும் பக்கத்தில் பூ தாமதமாகலாம். கொடியின் இருண்ட பக்கம் பூத்து, விளக்குப் பக்கம் வெறும் இலையாக இருந்தால் இதுதான் விஷயம்.

பூ வருது, ஆனா எல்லாம் கொட்டிடுது.

கொஞ்சம் கொட்டுவது இயல்பு, ஒரு கொத்தில் உள்ள எல்லாப் பூவும் காயாகாது. கொத்து கொத்தாகக் கொட்டினால் பெரும்பாலும் அடைமழையில் வேரில் நீர் தேங்கியிருக்கும். வடிகால் வெட்டுங்கள். மழை இல்லாமலே கொட்டினால் தண்ணீர் ஒழுங்கில்லாமல் விட்டிருப்பீர்கள், இல்லையேல் பூவுக்குள் இலைப்பேன் என்னும் நுண்பூச்சி இருக்கும். ஒரு வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால் ஊசிமுனை அளவில் ஊர்வது தெரியும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு நன்றாக அடித்துக் கலந்து, மாலையில் தெளியுங்கள். காலையில் தெளித்தால் தேனீயும் கருவண்டும் வரும் நேரம் கெடும்.

முதல்ல பச்சையா கொஞ்சம் பறிச்சுட்டு, அப்புறம் காய விடலாமா?

எல்லோருக்கும் வரும் ஆசை. செய்யலாம், ஆனால் தலைகீழாகச் செய்யாதீர்கள். முதல் இரண்டு ஈட்டுக் காய்களில்தான் பயறு பருத்து, நிறைந்து வரும். அவற்றைப் பொரியலுக்குப் பறித்துவிட்டு, கடைசியில் வரும் காய்களைப் பயறுக்கு விட்டால், அவை முற்றும்போது வெயில் ஏறி, கொடி தளர்ந்து, பயறு சிறுத்துப்போகும்.

இன்னொரு விஷயம். பறிக்கப் பறிக்கக் கொடி புதிதாகப் பூக்கும். காய் முற்றத் தொடங்கினால் சத்தெல்லாம் பயறுக்குப் போய் புதுப் பூ குறையும். ஒரே கொடியில் இரண்டையும் கேட்டால் இரண்டும் அரைகுறைதான். பொங்கலுக்குப் பச்சை மொச்சை வேண்டும், பயறும் வேண்டும் என்றால் கொடிகளைப் பிரித்துவிடுங்கள். இரண்டு குழி பச்சைக்கு, மீதி குழிகளில் கை வைப்பதில்லை.

மார்கழியில நுனியெல்லாம் கருப்பா அப்பிக்கிட்டு இருக்கே, காய்லயும் ஓட்டை?

கருப்பாக அப்பியிருப்பது அசுவினி. குளிரும் பனியும் அதற்குக் கொண்டாட்டம். எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அசுவினி வந்துவிட்டது என்று பொருள். முதலில் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், முக்கால்வாசி கீழே விழும். மிகவும் அப்பிய நுனிகளைக் கிள்ளி வாளித் தண்ணீரில் போடுங்கள். பிறகும் இருந்தால் பூ கொட்டுவது பற்றிய பதிலில் சொன்ன வேப்பெண்ணெய். பொறிவண்டுகள் நிறைய இருக்கும் கொடியில் ஒன்றும் அடிக்காமல் விட்டாலே ஒரு வாரத்தில் குறைந்துவிடும்.

ஓட்டை, காய்ப்புழுவின் வேலை. பூக்களை நூலாம்படை போல் பின்னி வைத்திருந்தால் உள்ளே புழு இருக்கும், கொத்தோடு எடுத்து அழியுங்கள். பூத்தது முதல் பத்து நாளுக்கு ஒரு முறை 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். ஓட்டை விழுந்த காயை நெற்றாகட்டும் என்று விடாதீர்கள். அதன் வழியே ஈரமும் பூஞ்சையும் போகும்.

நெற்று எப்போ பறிக்குற பக்குவம்? கொடியோட அறுத்துடலாமா?

காய் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் உள்ளே பயறு குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். காய்கள் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடலாம். ஒரே கொடியில் நெற்றும் பச்சைக்காயும் பூவும் சேர்ந்தே இருக்கும், அதனால் கொடியோடு அறுப்பது சரிவராது. வாரம் இருமுறை பார்த்து, ஆன நெற்றை மட்டும் பறியுங்கள். நன்றாகக் காய்ந்தவை உச்சி வெயிலில் தொட்டாலே வெடிக்கலாம். காலையில் லேசான பனி ஈரம் இருக்கும்போது பறித்து, வெயிலில் பரப்பினால் பயறு சிதறாது.

முற்றிய நெற்றைக் கொடியிலேயே நெடுநாள் விட்டுவைப்பதுதான் பெரிய தவறு. ஏன் என்பது வண்டு பற்றிய பதிலில் வருகிறது.

தை மாசத்துல திடீர்னு மழை புடிச்சுக்கிட்டா?

மஞ்சளாகிய காய் எல்லாவற்றையும் மழைக்கு முன்பே பறித்துவிடுங்கள். மஞ்சள் ஏறிய காயில் பயறு வளர்ச்சி முடிந்திருக்கும், பறித்த பின்னும் காயும். முழுப் பச்சையாக இருப்பவை காயாது, சுருங்கும். அவற்றை அன்றே உரித்துக் குழம்பு வையுங்கள். பறித்ததைக் குவித்து வைத்தால் ஒரே இரவில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக்கடியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மழையில் நனைந்து உள்ளேயே முளைவிட்ட பயறை முளைகட்டிய பயறாக அன்றே வேகவைக்கலாம். கரும்புள்ளியும் பூஞ்சை நெடியும் உள்ளதைக் குப்பைக்குழியில் போடுங்கள், கழுவிச் சமைக்க வேண்டாம்.

உடைச்ச பயறு எவ்வளவு காயணும்? காஞ்சதுனு எப்படித் தெரியும்?

நெற்றைக் கோணிப்பையில் போட்டுக் கம்பால் தட்டி, முறத்தில் புடைத்து, சூம்பியதையும் ஓட்டை விழுந்ததையும் பொறுக்கி எடுத்த பிறகு மூன்று நான்கு நாள் நல்ல வெயில். மெல்லிய அடுக்காகப் பரப்பி, நடுவில் துழாவிவிட்டு, மாலை பனி இறங்கும் முன் உள்ளே எடுங்கள்.

பல்லால் கடித்தால் தடம் விழக் கூடாது. கல்லில் வைத்து ஓங்கி அடித்தால் சில்லாக உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம் இருக்கிறது. இன்னொரு சோதனை: உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு பயறும் இரண்டு கரண்டி வறுத்து ஆறிய தூளுப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் கடித்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.

நல்லா காயவெச்சு டப்பால போட்டேன், ரெண்டு மாசத்துல வண்டு. எங்கிருந்து வந்துச்சு?

தோட்டத்திலிருந்து, உங்கள் கையாலேயே. பயறு வண்டு வயலில் முற்றிய காயின்மேலேயே முட்டையிடும். புழு துளைத்துப் பயறுக்குள் போய்விடும், துளை கண்ணுக்குத் தெரியாது. உள்ளே தின்று வளர்ந்து, வட்டமாகத் தோலை வெட்டிக்கொண்டு வெளிவரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. வெளிவந்தது மற்றப் பயறுகளின்மேல் முட்டையிடும். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பதால்தான் இரண்டாம் மாதத்தில் டப்பா நிறைய மாவாகிறது. நெற்றைக் கொடியில் விடாமல் பறிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஆக, டப்பாவில் போடும் முன் உள்ளே இருப்பதைக் கொல்ல வேண்டும். வீட்டில் உறைபெட்டி இருந்தால் நன்கு காய்ந்த பயறைக் காற்றுப்புகாப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகே பையைத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் பயறின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். உறைபெட்டி இல்லையென்றால் வெயில். கறுப்புத் துணியில் ஒற்றை அடுக்காகப் பயறு, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள், ஓரங்களில் காற்றுப் போகாமல் கல். உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம். உள்ளே சூடு 57 டிகிரியைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு எதுவும் தப்பாது.

அதன்பின் கிலோவுக்கு 5 மில்லி நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவி வைத்தால், தப்பிய முட்டைக்கும் மூச்சு அடைபடும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது புதிதாக வரும் பூச்சிக்குக் கொஞ்சம் தடை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

அடுத்த வருஷ விதைக்கும் இதேதானா?

உறைபெட்டி முறை சரி, பயறு நன்றாகக் காய்ந்திருந்தால் முளைப்பு கெடாது. ஈரம் மிச்சமிருந்தால் கெடும். பாலித்தீன் மூடிய வெயில் முறையை விதைக்குச் செய்து பார்க்க வேண்டாம். விதைக்குச் சாம்பலோ, கிலோவுக்கு 10 கிராம் வசம்புப் பொடியோ கலந்து வைக்கலாம். துவரைக்குச் செய்வதுபோல் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைக்கும் பழைய முறையும் வேலை செய்யும், வண்டு முட்டையிட இடம் கிடைக்காது. ஆனால் மண் கட்டிய பிறகு மறுபடி முழுவதும் காயவைப்பதில் சோம்பல் கூடாது.

விதையைக் கடைசி நெற்றுகளிலிருந்து எடுக்காதீர்கள். நன்றாகக் காய்த்த, நோயில்லாத கொடியை மார்கழியிலேயே பார்த்து நூல் கட்டி வையுங்கள். இலையில் மஞ்சள் தேமல் வந்த கொடி வேண்டாம். மொச்சை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் கருவண்டு கலப்பு செய்வதுண்டு. பக்கத்தில் வேறு ரக அவரை இருந்தால் வேலியின் மறுகோடியில் உள்ள கொடியைத் தேர்ந்தெடுங்கள்.

எவ்வளவு விசில் விட்டாலும் வேகலையே?

மூன்று காரணங்கள். பயறு பழசு, அதிலும் சூடும் ஈரமுமான இடத்தில் இருந்தது. தண்ணீர் உப்புத்தண்ணீர், அல்லது சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். புளியை முன்னாலேயே ஊற்றியது. புளிப்பு பட்டால் பயறு இறுகிவிடும், வெந்த பிறகே புளி. குடிநீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். ஊறிய பிறகும் கல்லாகவே இருக்கும் சில பயறுகளைப் பொறுக்கிவிடுங்கள், அவை எத்தனை விசிலுக்கும் மசியாது. ஊறியதைத் தோல் பிதுக்கிப் பிதுக்குப் பருப்பாக எடுத்தால் பாதி நேரத்தில் வேகும்.

ஊறவெச்ச தண்ணிய ஏன் கொட்டணும்? சத்து போயிடாதா?

கொஞ்சம் போகும், போகட்டும். காய்ந்த மொச்சையில், முக்கியமாகக் கருப்பு, அடர்சிவப்புத் தோல் உள்ளவற்றில், துவர்ப்புச் சத்தும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் சிறிதளவு சயனைடு விடும் பொருள்களும் உண்டு. ஊறலில் கொஞ்சமும் கொதிநிலையில் பெரும்பகுதியும் நீங்கும். அரைவேக்காட்டில் சுண்டல் செய்யாதீர்கள். மலைப்பகுதியில் விளையும் சிவப்பு ராஜ்மாவுக்கு இது இன்னும் கண்டிப்பு. அதை வெந்நீரில் மெதுவாக வைத்து எடுத்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அதற்குமேல் வேகும்வரை.

தம்பட்டங்காய் கொடியும் இருக்கு. அதோட முத்துன விதையையும் இப்படியே வெச்சுக்கலாமா?

விதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தம்பட்டை என்கிற வாளவரையின் பிஞ்சுக்காய் பொரியலுக்கு நல்லது. முற்றிய விதையில் கேனவனைன் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கின்றன, மொச்சைக்குச் சொன்ன ஊறலும் வேக்காடும் அதற்குப் போதாது. பருத்த அழகான விதையாக இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பெயர் எழுதி வையுங்கள்.

அறுவடை முடிஞ்ச கொடியைப் பிடுங்கிடலாமா, அடுத்த வருஷமும் காய்க்குமா?

கொடியை ஓரடிக்கு வெட்டிவிட்டால் பெரும்பாலும் துளிர்க்கும், தண்ணீர் விட்டால் கோடையைத் தாண்டி மறுபடி கார்த்திகையில் பூக்கும். ஆனால் அசுவினியும் தேமல் நோயும் அதிலேயே தங்கி ஆடி விதைப்புக்குத் தொற்றும். நோயே வராத கொடி ஒன்றிரண்டை வேண்டுமானால் விடலாம். மற்றதைத் தரைமட்டத்தில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, அந்த இடத்தில் கீரையோ கத்தரியோ வையுங்கள். மறு ஆடிக்கு மொச்சையை வேலியின் வேறு பகுதிக்கு மாற்றுங்கள்.